சைக்கிள் கடையில் பிறந்த ஆகாய விமானம்



இரண்டு பேர் தாங்களே செய்த ஆகாய விமானம் முதன்முதல் பறந்த சங்கதியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் டேட்டன் என்னும் ஊரில் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்ற சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்துப் பிழைத்து வந்தார்கள். இருவரும் காலேஜ் வாசற்படியை மிதித்தவர்களல்லர். 1901-ம் வருஷம் இவர்கள் செய்த, யந்திரமில்லாத கிளைடர் விமானம், கணக்குப்படி தூக்கவேண்டிய பாரத்தைத் தூக்கவில்லை. வேறொருவராயிருந்தால், "பெரியவர்கள் போட்ட கணக்குத் தப்பாகுமா? நம் கைதான் தப்பு" என்று சும்மா இருந்திருப்பார். இவர்களோ கணக்கையே சந்தேகித்தார்கள். காற்றின் சக்தியை அளக்க நூறு வருஷத்துக்கு மேலாக எல்லோரும் கையாண்டு வந்த ஒரு எண் உண்மைக்கு மிஞ்சியதென்று, அளந்து பார்த்துக் கண்டார்கள். பிறகு ஒரு மரப்பெட்டிக்குள் விசிறியால் காற்றை ஓடவிட்டு, சுமார் 200 இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். அதற்குத் தகுந்தபடி செய்த 1902-ம் வருஷத்துக் கிளைடரில் நூற்றுக்கணக்கான தடவை பறந்து, விமானத்தை அடக்கி ஓட்டவும் பழகினார்கள்.

தகுந்த எஞ்சின் வெளியில் கிடைக்கவில்லை. கடைத் தொழிலாளி சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் 12 குதிரைச் சக்தியுள்ள எஞ்சினைச் செய்து கொடுத்தார். அதன் வேகம் சைக்கிளில் இருப்பது போன்ற சங்கிலிகளால் காற்றாடிகளுக்குப் போயிற்று.

இதே சமயத்தில் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானி, சர்க்கார் கொடுத்த 50,000 டாலரைக் கொண்டு ஒரு விமானம் செய்தார். 1903 அக்டோபரில் அது ஆற்றில் விழுந்தது. உடனே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, மனிதன் பறக்கும் யந்திரம் செய்யப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வருஷம் வரை ஆகலாமென்று எழுதிற்று. டிசம்பர் 8-ந் தேதி லாங்லியின் விமானம் மறுபடியும் ஆற்றில் விழுந்தது.

அதற்கு ஒன்பதாம் நாள் என்ன நடந்தது? டிசம்பர் 14-ந் தேதி காசு சுண்டிப் பார்த்து வில்பர் ஏறினார்; விமானம் தூக்கி எழுந்து, உடனே விழுந்து சேதமாயிற்று. பழுது பார்த்து, 17-ந் தேதி கிட்டிஹாக் என்ற ஊருக்கருகில் கடற்கரை மணலில், கடுங்குளிரில், ஐந்து பேர் பார்த்திருக்க, ஆர்வில் ஏறினார். 12 விநாடியில் 120 அடி பறந்தது! அன்றே நான்காந் தடவை வில்பர் 59 விநாடியில் 852 அடி பறந்தார். பிறகு காற்று அடித்து விமானத்தைப் புரட்டி நொறுக்கிவிட்டது. நொறுங்கினாலென்ன? மனிதன் பறக்க முடியுமென்பது ருஜுவாகிவிட்டது. இவ்வளவுக்கும் அவர்களுக்கு ஆன செலவு 1,000 டாலருக்கும் குறைவு.

தோழர்களே! லாங்லி மூடரல்ல, அவரைப் பரிகசிக்க நான் இதைச் சொல்லவில்லை. பணமும் பட்டமும் இல்லாதவனும் அளந்து பார்க்கத் துணிந்தால் காரியம் ஆகுமென்பதற்காகவே சொன்னேன். அச்சில் வந்த எண்ணானாலும், மேடையில் நின்று நான் சொன்ன எண்ணானாலும், சோதித்துச் சரியென்று பட்டால் மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.