இரயில் யாருக்கு?



இன்று நாம் பேச வந்தது அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துச் சங்கதியாகும். அங்கே சான்பிரான்சிஸ்கோவைச் சுற்றி 1972-ம் வருஷம் முதல் பொதுஜனங்களின் வரிப்பணத்தில் மின்சார இரயில் ஓடுகிறது. அதில் ஏறி வேலைக்குப் போகிறவன் இரயிலடிக்குப் பக்கத்தில் குடியிருந்தால்தானே பிரயோஜனம்? ஆனால் பல இரயிலடிகளைச் சுற்றி ஒரு மனைக்கு ஒரு குடும்ப வீடுதான், அடுக்கு வீடு கூடாது என்று நகர சட்டங்கள் வெகுகாலம் தடுத்து வந்தன.

இதை மாற்ற ஸ்காட் வீனர் என்னும் செனட் அங்கத்தினர் 2018-ல் ஒரு மசோதா கொண்டு வந்தார். அது கமிட்டியிலேயே செத்தது. அடுத்த மசோதா 2020 ஜனவரியில், 21 ஓட்டு வேண்டிய இடத்தில் 18 ஓட்டே பெற்றுத் தோற்றது.

எதிர்த்தவர்கள் சொன்னதென்ன? ஊரின் இலட்சணம் கெடும், நிழல் விழும், மோட்டார் நிறுத்த இடமிராது என்பதே. நிற்க, குடிக்கூலிக்காரர் சங்கங்கள் சிலவும் எதிர்த்தன. பழைய வீட்டை இடித்துத் தங்களைத் துரத்திவிடுவார்களென்ற அவர்கள் பயம் நியாயமானது; அதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு எழுதலாம். ஆனால் சொந்த வீட்டுக்காரர் சொல்லும் இந்த இலட்சணம் எங்கிருந்து வந்தது?

ஒரு குடும்ப வீடு மட்டுமே என்ற விதியைப் பெர்க்கிலி நகரம் 1916-ல் செய்தது. நிறத்தைச் சொல்லி மக்களைப் பிரித்துவைக்கும் நகர சட்டம் செல்லாதென்று 1917-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. அதே கோர்ட் 1926-ல் அடுக்கு வீட்டைப் புல்லுருவிக்கு ஒப்பிட்டு, இத்தகைய விதிகளை அங்கீகரித்தது. ஆளைச் சொல்லித் தள்ளமுடியாத இடத்தில் வீட்டைச் சொல்லித் தள்ளலாமென்றால், தள்ளப்பட்டவனுக்கு என்ன வித்தியாசம்? தெருவுக்குள் வராதே என்ற பேச்சை நாம் கேட்டறியாதவர்களா?

தோழர்களே! வீடுள்ளவன் கூட்டத்துக்கு வந்து ஆட்சேபிக்கிறான். இன்னும் குடிவராதவனுக்கோ அவ்வூரில் ஓட்டுமில்லை, பேச்சுமில்லை. ஆகவே அக்கம்பக்கத்தார் அபிப்பிராயம் மட்டுமே ஊர் அபிப்பிராயமாகிவிடாது.

கடைசியில் 2025 அக்டோபரில் வீனரின் வேறொரு மசோதாவுக்குக் கவர்னர் நியூசம் கையெழுத்திட்டார். பெரிய இரயிலடிகளை ஒட்டி ஒன்பது மாடி வரையில் கட்ட அது வழிசெய்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டுள்ள பல குடித்தன வீடுகளை இடிப்பதற்குத் தடையும் விதிக்கிறது.

எல்லோர் பணத்தில் இரயில், சிலர் சௌகரியத்துக்கு இரயிலடி என்பது எந்த ஊர் நியாயம்? யோசித்துப் பாருங்கள். நாம் சொல்லுவதாலேயே நம்பிவிடாதீர்கள்.