சான்றறிந்து பேசுக!

(காஞ்சிபுரத்தில் மாணவரிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



காஞ்சிப் பட்டின் தரமறிந்தோர் சரிகையின் பளபளப்பைக் கண்டு மயங்குவதில்லை. அதனைச் சற்றே சுரண்டி, உள்ளே செந்நிறப் பட்டிழை தெரிகின்றதா எனப் பார்ப்பர். மேலே பொன், அதன்கீழ் வெள்ளி, உள்ளே பட்டு. இம்மூன்றும் அமைந்தாலன்றோ அது மெய்ச்சரிகை! புடைவைக்குக் காட்டும் இவ்விழிப்பைத் தமிழர் தம் வரலாற்றுக்குக் காட்ட வேண்டாவா?

ஆய்வுக்குரிய சான்றுகள் மூவகைப்படும். நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே தோன்றிய கல்வெட்டு, செப்பேடு, காசு, மடல் முதலியன முதனிலைச் சான்றுகள். அவற்றை ஆராய்ந்து பின்னையோர் எழுதியவை வழிநிலைச் சான்றுகள். இவ்விரண்டையும் சுருக்கித் தொகுத்த பாடநூலும் கலைக்களஞ்சியமும் சார்புநிலைச் சான்றுகள். நூலை முதல், வழி, சார்பு எனப் பகுத்த நன்னூலைக் கற்றோர்க்கு இத்தகு பாகுபாடு புதிதன்று.

சார்புநிலையிலேயே நின்றுவிட்டால் விளையும் கேடு யாது? காஞ்சி மாவட்டத்து உத்திரமேரூரையே எடுத்துக்கொள்வோம். "ஊரார் அனைவரும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தனர், மக்களாட்சியை உலகுக்கு ஈந்தவர் தமிழரே" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரோ வேறு பேசுகின்றது. முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 அளவில், பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் அவை. அவ்வூர் பார்ப்பனர்க்குரிய சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வடமொழி மறைப்பயிற்சியும் உடையாரே தகுதி பெற்றனர். மறையில் மிக்க புலமையுடையார்க்கு அரைக்கால் வேலியே போதும் என்றனர். முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். இஃது ஊரார் வாக்களிப்பன்று, குடவோலை எடுப்பு. உழுதோர்க்கும் நெய்தோர்க்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலையில்லை!

அவ்வாறாயின் பெருமையே இல்லையா? உண்டு. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கலாகாது என்று அக்கல் விதிக்கின்றது. முப்பது முதல் அறுபது என்றிருந்த அகவை வரம்பை, இரண்டே ஆண்டுகளில் முப்பத்தைந்து முதல் எழுபது எனத் திருத்தியமைத்தனர். மெய்யான இப்பெருமையை விட்டு இல்லாததைக் கூறுவானேன்? பொய்ப்பெருமை ஒன்று உடைபடின், மெய்ப்பெருமை நூறும் ஐயத்துக்குள்ளாகும். தமிழைப் பழிக்கக் காத்திருப்போர்க்கு அதுவே படைக்கலமாகும்.

முதனிலைச் சான்று என்பதனாலேயே அதனை அப்படியே நம்பிவிடவுங் கூடாது. காஞ்சிக் கயிலாயநாதர் கோயில் மண்டபத் தூணொன்றில் சாளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு உள்ளது. காஞ்சியை வென்றும் கோயிற்பொருளைக் கவராது திருப்பியளித்ததாக அது கூறும். அவன் மகன் இரண்டாம் கீர்த்திவர்மனின் கேந்தூர்ச் செப்பேடும் அவ்வாறே புகழும். சான்றுகள் இரண்டாயினும் வாய் ஒன்றே. தந்தை புகழை மகன் வழிமொழிகின்றான். வென்றவன் காஞ்சிக்கு வந்தான் என்பதைத் தோற்ற நகரின் தூணே காட்டும். அவன் அருளின் அளவையோ வேறு சான்றுகளுடன் ஒப்பிட்டே துணிதல் வேண்டும். எழுதியவன் யாவன், எப்போது எழுதினான், எதன்பொருட்டு எழுதினான் எனும் மூன்று வினாக்களும் கல்லுக்கும் உரியன.

மாணவர்களே! 1890இல் வெளிவரத் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைத் தேடிப் படியுங்கள். வட்டெழுத்தும் பழந்தமிழ் எழுத்தும் பயிலுங்கள். கோயிற் சுவரெழுத்தின்மேல் சுண்ணமோ வண்ணமோ பூசுவாராயின் தடுத்து நிறுத்துங்கள். அழிவது சுவரன்று, சான்று. பிறர் சொன்னதைச் சொல்லுமுன் கல் சொன்னதைக் கேளுங்கள். தமிழ்ப்பற்று மெய்யாயின், அது மெய்க்கு அஞ்சாது.

வாழ்க தமிழ்!