வீட்டுக்குள் வரவேண்டிய செவிலியர்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக்கென்று தோன்றிய நம் கழகத்தின் வெள்ளி விழாவில், தொட்டிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளை முதலில் பிழைத்திருக்க வேண்டுமன்றோ?

பிறந்த முதல் மாதத்தில் இறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று முதல் வாரத்திலேயே இறக்கின்றன. ஆகவேதான், மருத்துவமனையில் பிறந்த குழந்தையைச் சுகாதாரப் பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீடு தேடி வந்து பார்க்கும் திட்டம் 2011இல் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. இதற்கு வழிகாட்டியது மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டம். அங்கே மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்து வீடுதோறும் அனுப்பினர். ஆயிரத்துக்கு 62 ஆக இருந்த பச்சிளங் குழந்தை இறப்பு, 1998க்குள் சுமார் 25 ஆகக் குறைந்தது.

வருகின்ற செவிலியர் குழந்தையை எடை போடுகிறார், உடற்சூட்டை அளக்கிறார், மூச்சை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுகிறார். மூச்சு 60ஐ எட்டினாலும், குழந்தை பால் குடிக்காவிடினும், உடல் சில்லிட்டாலும், உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் படர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புகிறார். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டலாகாது, சேனை வைக்கலாகாது, தொப்புளில் எதையும் தடவலாகாது என்று பாட்டிமார்க்கும் எடுத்துரைக்கிறார். தாயின் உதிரப்போக்கு, காய்ச்சல், மனச்சோர்வு ஆகியவற்றையும் கேட்டறிகிறார்.

இவை யாவும் தெருமுனையில் நின்றபடி செய்யத்தக்கன அல்ல. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் நூலாக வெளிவந்த ஆய்வொன்று, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் அரசுச் சுகாதாரப் பணியாளர் தலித் வீடுகளுக்குள் வர மறுத்ததைக் கண்டது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பின்னரும் நம் வாசற்படி அவர்களுக்கு உயரமாகவே இருந்திருக்கிறது! அவ்வாறு நிற்கும் செவிலியரின் கண்ணுக்குக் குடிசைக்குள் சில்லிட்டுக் கிடக்கும் குழந்தை எவ்வாறு தெரியும்?

இளைஞர்களே! தெருவில் குழந்தை பிறந்தவுடன் அந்த ஆறு நாட்களையும் குறித்து வையுங்கள். செவிலியர் வராத நாளில், வந்தும் உள்ளே நுழையாத நாளில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. அன்போடு உள்ளே வருபவரை நம் வீட்டுப் பெண்ணாக வரவேற்போம்.

படிக்கும் நம் பெண்மக்களுள் சிலரேனும் செவிலியர் பயிற்சி பெற வேண்டும். அவர்கள் எல்லாத் தெருக்களிலும், எல்லா வீடுகளிலும் நுழைந்து பச்சிளங் குழந்தைகளைக் கையிலேந்தும் நாளே இக்கழகத்தின் மெய்யான விழா நாள்.