பென்னிகுயிக் என்றொரு பெயர்

(கொட்டாஞ்சேனையில் நடந்த கொழும்பு வாழ் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மாரே, மலையை விட்டுக் கொழும்புக்கு வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

வெள்ளவத்தையில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அங்கே பென்னிகுயிக் வீதி என்று ஒரு வீதி உண்டு. பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்குள் நுழையாத பெயர், யாரோ ஒரு வெள்ளைக்காரன் பெயர் என்று விட்டிருப்பீர்கள். இன்றைக்கு அந்தப் பெயரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சம்பளத்தைப் பேசாமல் இவர் என்ன பெயரைப் பேசுகிறார் என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள், சம்பளத்துக்கும் வருவேன்.

அது ஸ்கொட்லாந்துக் குடும்பப்பெயர். எடின்பரோ நகரத்துக்குத் தெற்கே பத்து மைல் தூரத்தில் அதே பெயரில் ஒரு ஊர் இருக்கிறது. ஆங்கிலம் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பு அங்கே வழங்கிய பழைய மொழியில் ‘பென்’ என்றால் தலை அல்லது மேடு. பின்பாதிக்கு அவர்கள் நாட்டுக் குயில் என்று பொருள் சொல்கிறார்கள். ஆக, குயில் குன்று. நம் மலையில் ஒரு தோட்டத்துக்கு வைத்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

அந்த நிலத்தை வைத்திருந்த குடும்பம் நிலத்தின் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டது. அந்த நாட்டில் குடும்பப்பெயர் வந்த வழிகளில் இது ஒன்று. இன்னொரு வழி தொழில். லூல்கந்துரவில் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர்தான். டெய்லர் என்றால் தையற்காரர், வேறொன்றும் இல்லை. மூன்றாவது வழி அப்பாவின் பெயர். ‘மக்’ என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் இன்னாரின் மகன் என்று சொல்பவை. நம்முடைய ‘மகன்’ என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை, ஆனால் நினைவில் வைக்க வசதியாக இருக்கிறது. நாம் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தைப் போடுகிறோமே, அதே காரியம்தான். நமக்குத் தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறுகிறது. அவர்களுக்கும் முன்பு மாறியது, பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது.

பென்னிகுயிக் என்ற பெயர் ஸ்கொட்லாந்திலேயே அவ்வளவு பரவலானது அல்ல. ஆனால் தமிழ்நாட்டில் தேனி, கம்பம் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைக்கிறார்கள். வீடுகளிலும் கடைகளிலும் அவர் படம் மாட்டியிருக்கும். தைப்பொங்கலோடு ஒட்டி வரும் அவர் பிறந்த நாளான ஜனவரி 15இல் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள்.

யார் அவர்? ஜோன் பென்னிகுயிக், 1841இல் பூனாவில் பிறந்த எஞ்சினியர். மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பியவர். 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தன் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். அணை மதராஸ் அரசாங்கத்தின் திட்டம். ஆனால் தண்ணீர் வந்தது கதையல்ல. தேனி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளுக்கு அது சோறு போட்டது.

மதுரை, இராமநாதபுரம் என்றதும் உங்களில் பலருக்குத் தாத்தா பாட்டி சொன்ன ஊர்கள் ஞாபகம் வந்திருக்கும். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் அந்தச் சீமைகள் வெந்தன. பிழைக்க வழியில்லாமல் கங்காணியின் பின்னால் கப்பலேறியவர்களில் அந்த ஊர்ச் சனமும் இருந்தது. அணை இருபது வருஷம் முந்தி வந்திருந்தால் நம்மில் சிலர் இன்றைக்குக் கம்பத்தில் நெல் அறுத்துக்கொண்டிருப்போமோ என்னவோ.

அந்த மக்கள் வெள்ளைக்காரன் பெயரைப் பிள்ளைக்கு வைத்ததில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெயரை அவர்கள் மேல் யாரும் திணிக்கவில்லை, நன்றியில் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அணை வேலையில் மலேரியாவிலும் மற்ற நோய்களிலும் நானூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அணைக்குப் பக்கத்திலேயே அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. கல் சுமந்து செத்த அந்தக் கூலியாட்களில் ஒருவர் பெயரை உங்களால் சொல்ல முடியுமா? என்னாலும் முடியாது.

நம் மலைக்கு வாருங்கள். அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ, பெல்மோரல். லிந்துலையில் கெலிடோனியா, அது ஸ்கொட்லாந்துக்கே பழைய பெயர். பூண்டுலோயாவில் டன்சினன், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஒரு ஸ்கொட்லாந்து மலை அது. அங்கே நிலத்தின் பெயரைக் குடும்பம் எடுத்துக்கொண்டது. இங்கே துரைமார் தங்கள் ஊர்ப் பெயரை எல்லாம் கொண்டுவந்து நம் வியர்வை விழுந்த நிலத்துக்கு வைத்துவிட்டுப் போனார்கள். போனவர்களின் பெயர் பலகையில் இருக்கிறது. இருநூறு வருஷமாக இருக்கிறவனுக்கு விலாசம் ஒரு லயத்து இலக்கம். பல தோட்டங்களில் கடிதம் இன்னமும் ஒபிசுக்குத்தான் வருகிறது, நம் கைக்கு எப்போது வரும் என்பது ஒபிசைப் பொறுத்தது. காணி உறுதி கேட்கிறோம் என்றால் பேர்ச் கணக்கு மட்டும் அல்ல, நம் பெயரில் ஒரு நிலம் இருக்கவேண்டும் என்று கேட்கிறோம்.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் என்ன என்று கொழும்பில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு நாள் சம்பளத்துக்குத்தான் ‘பேர்’ என்று பெயர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். காலையில் பிரட்டுக்குப் பிந்தினால் பேரே இல்லை. செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் அடுப்பு எரியும் என்ற வாழ்க்கையில்தான் இப்படி ஒரு சொல் பிறக்கும்.

அந்தப் பெயரையாவது சரியாக எழுதினார்களா? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தகப்பன் எங்கே பிறந்தான் என்று கடதாசி கேட்டார்கள். அடுத்த வருஷச் சட்டத்தின் கீழ் போட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தள்ளப்பட்டன. 1964இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாம் 5,25,000 என்றும் 3,00,000 என்றும் இரண்டு எண்களாகப் பிரிக்கப்பட்டோம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்தக் கணக்கு ஒருவழியாக முடிந்தது. ஆனால் எழுத்துப் பிழை முடியவில்லை.

செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் எழுதித் திரும்பத் தமிழுக்கு வந்த இன்னொரு பெயர். மூன்றும் ஒரே மனுஷி. அந்த அம்மா வேலையை விட்டு நிற்கிறபோது, தோட்டம் நூற்றுக்குப் பன்னிரண்டும் தான் எட்டுமாக இத்தனை வருஷம் கட்டிய சேமலாப நிதியை எடுக்கப் போனால், “இது உங்கள் காசு என்று எப்படி நம்புவது” என்ற கேள்வி வருகிறது. வெளிநாடு போகக் கடவுச்சீட்டு எடுக்கிற பிள்ளைகளுக்கும் இதே தொல்லைதான். குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு அப்படி ஒன்று இல்லாததால் ஒருமுறை அப்பாவின் பெயரையும் இன்னொருமுறை தாத்தாவின் பெயரையும் எழுதிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு பத்திரம் இன்னொரு பத்திரத்தோடு ஒட்டாது.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். இந்த மாதம் ஊருக்குப் போகிறபோது அப்பா அம்மாவின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கணக்குப் பத்திரம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த பிள்ளைகள்தானே நீங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை என்றால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவு. அடையாள அட்டை என்றால் கிராம உத்தியோகத்தர் வழியாக. செக்ரோல் பெயர் மட்டும் வேறு என்றால், இரண்டும் ஒருவரே என்று தோட்டத்திடம் கடிதமும் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசியும் வாங்கவேண்டும். துரை கையெழுத்துப் போட இழுத்தடித்தால் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கம் எழுதும். ஆள் வேலையில் இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். நின்ற பிறகு தோட்டம் கைமாறியிருந்தால் பழைய புத்தகத்தைத் தேடவே வருஷம் போய்விடும்.

படிவங்கள் வாசலில் மேசையில் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு எடுங்கள், ஒன்று பக்கத்து வீட்டுக்கு.