மீட்டுப் பார்த்தால்தான் அது காப்புப் பிரதி
(குற்றாலத்தில் பொதுமக்களிடையே ஆற்றிய உரை)



சீசன் நேரத்துல அருவிக்குப் போறப்ப எல்லாரும் போனை பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகப் போட்டுக்கிறோம். ஆனால் அதுக்குள்ளே இருக்கிற பட்டா, மார்க் ஷீட், குழந்தை போட்டோ எல்லாத்துக்கும் இன்னொரு பிரதி எங்கே இருக்கு? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி உட்பட நான்கு தென் மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். பீரோவில் இருந்த காகிதங்களைக்கூட அந்த வெள்ளம் விட்டுவைக்கவில்லை.

கம்ப்யூட்டருக்கு வெள்ளம் வர வேண்டியதில்லை, ஒரு வரிக் கட்டளையே போதும். உலகத்தில் ஏராளமான சர்வர்கள் யூனிக்ஸ் வகை அமைப்பில்தான் ஓடுகின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் அந்த வகையைச் சேர்ந்த லினக்ஸ்தான். யூனிக்ஸில் 'ஆர்எம்' என்று ஒரு கட்டளை உண்டு. ஃபைலை அழித்துவிடும். அழித்ததை எடுத்துவைக்க அங்கே குப்பைத்தொட்டி கிடையாது.

1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் இதுதான் நடந்தது. 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்களில் யாரோ அந்தக் கட்டளையைக் கொடுக்க, படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. சரி, பேக்கப் இருக்கேன்னு போய்ப் பார்த்தால், அது ஒழுங்காக வேலை செய்யவில்லை! கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்பவரின் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதை ஒருமுறை மீட்டுப் பார்க்கணும்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஃபைல் அழிந்தது தெரிந்ததும் அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுத மாட்டார்கள். அழிவதற்கு முந்தைய தேதியிட்ட பேக்கப்பைத் தேடுவார்கள். அதைப் பழைய இடத்திலேயே கொட்டாமல், தனி ஃபோல்டரில் பிரிப்பார்கள். திறந்து பார்த்து, எண்ணிக்கை சரியா என்று ஒப்பிட்ட பிறகுதான் உரிய இடத்தில் வைப்பார்கள். அவசரத்தில் மேலேயே கொட்டினால், மிச்சமிருந்த நல்ல ஃபைலும் போய்விடும்.

நம் போனுக்கும் இதேதான். கூகுள் போட்டோஸில் இருக்கே என்று நிம்மதியாக இருக்காதீங்க. போனில் அந்தச் செயலியில் அழித்தால் அங்கேயும் அழியும். பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அப்புறம் போயே போச்சு. அதனால் முக்கியமானதை ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். டிஜிலாக்கரில் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் போன் தொலைந்தாலும் தொலையாது. ஆனால் உள்ளே நுழைய ஓடிபி வரணும். பதிவு செய்த மொபைல் எண்ணைக் கைவிடாதீர்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு ஃபைலை வேறொரு போனில் இறக்கித் திறந்து பாருங்கள். திறந்தால் சந்தோஷம். திறக்கவில்லை என்றால் இன்னும் சந்தோஷம், ஏன்னா அசல் இன்னும் உங்கள் கையில்தானே இருக்கு!