உங்க தறியில இப்போ என்ன இருக்கு?

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி, முடிக்கிற நேரத்துல போற போக்குல ஒரு கேள்வி கேட்டிருந்தேன். கேட்கிறவங்கள்ல யாராவது கையால நெசவு செய்றீங்களா, செஞ்சா உங்க தறியில இப்போ என்ன இருக்குன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்கன்னு. உண்மையைச் சொல்லணும்னா ஒண்ணுகூட வராதுன்னுதான் நினைச்சேன். நம்ம பாட்காஸ்ட் கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் ஓஎம்ஆர் டிராஃபிக்ல நிக்கிறவங்க. ஆனா அஞ்சு வந்தது. அதுல மூணைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். மூணாவது ஒண்ணுக்காக ஒரு சனிக்கிழமை காஞ்சிபுரத்துக்கே போயிட்டு வந்தேன்.

முதல் நோட் பெங்களூர்ல இருந்து. டிசைனரா வேலை பார்க்கிற ஒரு பொண்ணு. லாக்டவுன்ல ஆன்லைன்ல ஒரு சின்ன மேஜைத் தறி வாங்கியிருக்காங்க. மடியில ஒரு முனை, மேஜை விளிம்புல ஒரு முனை, அவ்வளவுதான் சைஸ். இப்போ ஒரு காட்டன் ஸ்டோல் ஓடிட்டிருக்கு, இண்டிகோவும் வெள்ளையும் கட்டம் போட்டது. அவங்களுக்கு ரெண்டு பிரச்னை. ஒண்ணு, பாவு இழை அறுந்துக்கிட்டே இருக்கு. இன்னொண்ணு, துணி நெய்ய நெய்ய ரெண்டு ஓரமும் உள்ள இழுத்துக்குது. இருபது இன்ச்சுல ஆரம்பிச்சது ஒரு அடி தாண்டுறதுக்குள்ள பதினேழு இன்ச்சுக்கு வந்துடுச்சாம்.

பாவுன்னா தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டுற நூல். ஊடைன்னா குறுக்கே போறது. பாவுதான் எல்லா இழுவையையும் தாங்கும், அதனால அதுக்கு நூல் தேர்ந்தெடுக்கிறதுல சறுக்கினா கதை முடிஞ்சது. அவங்க நூல் வாங்கும்போது, கவுண்ட் நம்பர் பெருசா இருந்தா தடிமனான நூல்னு நினைச்சிருக்காங்க. தலைகீழ். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை வருதோ அதுதான் பருத்தி நூலோட கவுண்ட். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. நானா இருந்தாலும் அதே தப்பைத்தான் பண்ணியிருப்பேன். ஓரம் இழுக்கிற விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. அதை அப்படியே மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

ரெண்டாவது நோட் பவானியில இருந்து ஒரு அண்ணன். நெய்றது அவர் இல்ல, அவரோட அப்பா. ஆனா அப்பா பேசமாட்டேன்னு சொல்லிட்டாராம், அதனால மகன் பேசுறார், பின்னாடி தறி அடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. நம்ம எல்லார் வீட்டுலயும் ஒரு காலத்துல கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் விரிச்ச ஜமுக்காளம்தான் அவங்க தறியில. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் பட்டை. காவிரியும் பவானியும் சேர்ற ஊர், 2005-06ல புவிசார் குறியீடு கிடைச்ச பொருள். எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை அவர் சொன்னார். ஜமுக்காளத்துல நம்ம கண்ணுக்குத் தெரியிற கலர் முழுக்க ஊடை. தடியான ஊடையை அடிச்சு அடிச்சு நெருக்கிடுறதால பாவு உள்ள மறைஞ்சு போயிடும். அகலமான ஜமுக்காளம்னா ஒரே தறியில ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உட்காரணும். அப்பாவோட ஜோடியா உட்கார்ந்தவர் இப்போ இல்லாததால, ரெண்டு வருஷமா சின்ன சைஸ் மட்டும்தான் நெய்றாராம்.

1985ல வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டப்படி, ஜமுக்காளம் கைத்தறிக்கு மட்டும்னு ஒதுக்கப்பட்ட ரகங்கள்ல ஒண்ணு. விசைத்தறியில நெய்யக் கூடாது. ஆனா சந்தையில பாதி விலைக்கு, அதே கலர் பட்டையோட, எங்கேயோ மெஷின்ல ஓடின விரிப்பு கிடைக்குது. அண்ணன் இதைக் கோபமாக்கூட சொல்லல. “வாங்குறவங்க தடவிப் பார்த்து வாங்கினா போதும்ங்க”ன்னார்.

சரி, மூணாவது. இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன்.

வாய்ஸ் நோட் அனுப்பினது என்னை மாதிரியே ஐடியில இருக்கிற ஒரு பொண்ணு, சோழிங்கநல்லூர் பக்கம் வேலை. வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். நாப்பது செகண்ட் நோட்தான். “எங்க வீட்டுத் தறியில மூணாவது சேலை ஓடுது. இது முடிஞ்சதும் நிறுத்திடலாம்னு அம்மா சொல்றாங்க. அப்பா முடியாதுன்றார். நான் யார் பக்கம்னு எனக்கே தெரியல.” அவ்வளவுதான்.

மூணாவது சேலைன்னா என்னன்னு அங்க போனப்புறம்தான் புரிஞ்சுது. காஞ்சிபுரத்துல ஒரு பட்டுப் பாவு வழக்கமா மூணு சேலைக்கு வரும். பாவு தீர்ந்துடுச்சுன்னா முழுசா அறுத்து எடுத்துட மாட்டாங்க. விழுதுலயும் அச்சுலயும் கோத்திருக்கிற பழைய பாவோட கடைசி முனையை அப்படியே விட்டுவச்சு, புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் பழசுல ஒவ்வொரு இழையோட சேர்த்து விரலாலயே முறுக்கிப் பிணைப்பாங்க. 4,000 இழைக்கு மேல. பிடிமானத்துக்கு விரல்ல கொஞ்சம் சாம்பல். அப்புறம் மெதுவா இழுத்தா, பழசு போன வழியிலேயே புதுசு வந்துடும். பிணைக்காம அறுத்துட்டா, அடுத்த தடவை ஒவ்வொரு இழையையும் முதல்ல இருந்து கோக்கணும். யாரும் அவ்வளவு சீக்கிரம் அதைச் செய்யமாட்டாங்க. அதாவது அந்த வீட்டுத் தறியில இப்போ இருக்கிற நூல், அதுக்கு முன்னாடி பாவோட முனையில பிணைச்சது, அது அதுக்கு முன்னாடிதுல. அப்பா கணக்குப்படி கடைசியா முழுசா கோத்தது அந்தப் பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்கும்போது.

நாம சர்வரை ரீஸ்டார்ட் பண்ணப் பயப்படுவோமே, அந்தப் பயம்தான்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சா கூடம் முழுக்கத் தறி. குழித்தறி, தரையில குழி, கால் உள்ள. மழைக்காலத்துல குழியில தண்ணி ஊறிடும், அப்போ வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. அம்மாவை நான் அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சேன், அவங்க என்னைத் தம்பின்னு. காபி வந்துச்சு. சேலை அரக்கு உடல், மயில்கழுத்துப் பச்சைக் கரை, கோர்வை.

கோர்வையைக் கொஞ்சம் விளக்கணும். சாதாரணமா ஒரு நாடா இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் போயிட்டு வரும். அப்படி நெய்தா உடலோட ஊடை கரைக்குள்ளயும் போகும், அரக்கும் பச்சையும் கலந்து கரையோட நிறம் மங்கும். கோர்வையில மூணு நாடா. உடலுக்கு ஒண்ணு, ரெண்டு கரைக்கும் தனித்தனியா ஒண்ணு. ஒவ்வொரு வரிசையிலும் உடல் நூலும் கரை நூலும் சேர்ற இடத்துல ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுத் திரும்பணும். அதனாலதான் கரை அவ்வளவு சுத்தமான நிறத்துல நிக்குது. சேலையைத் திருப்பி, கரை சேர்ற இடத்தைத் தடவினா ஒரு மெல்லிசான மேடு தெரியும். அந்தச் சேர்க்கையை முகப்புல அழகா மறைக்கிறதுக்குத்தான் கோபுர முனை மாதிரி ரேக்கு.

இதுல ஒரு ஆளால மூணு நாடாவையும் சமாளிக்க முடியாது. நெய்றவர் ஒருத்தர், வலது கரைப் பக்கம் இன்னொருத்தர். ஒவ்வொரு வரிசைக்கும் ரெண்டு பேர். இந்த வீட்டுல அந்த இன்னொருத்தர் அக்கா. இருபத்தியோரு வருஷமா.

நான் போன அன்னைக்குக் கொஞ்சம் அசடு வழிஞ்சேன். தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டி, அட்டை மாலை மாலையா தொங்குது. 240 கொக்கி. ஓட்டை இருந்தா அந்த இழை மேல போகும், இல்லன்னா போகாது. நான் உடனே ஆரம்பிச்சுட்டேன்: ஃபிரான்ஸ்ல 1804, ஜக்கார்டு, அதைப் பார்த்துத்தான் பாபேஜ் தன்னோட மெஷினுக்கு அட்டை வைக்க யோசிச்சார்னு. இந்தக் கதை எல்லா டெக் மீட்டப்லயும் வரும், நானே ஆபீஸ்ல ஒரு தடவை ஸ்லைடு போட்டிருக்கேன். அக்கா முழுசாக் கேட்டுட்டு, “அப்போ கம்ப்யூட்டர்காரங்க நமக்கு ஏதாவது தரணுமே தம்பி”ன்னாங்க. அதோட நான் நிறுத்திட்டேன்.

ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். ஒரு அட்டையில ஒரு சின்ன சதுரக் காகிதம் ஒட்டியிருந்தது. என்னன்னு கேட்டா, அட்டை குத்தினவங்க தப்பா ஒரு ஓட்டை போட்டுட்டாங்க, ஒவ்வொரு அன்னத்தோட கழுத்துலயும் ஒரு புள்ளி கூடுதலா வந்தது, அதனால ஓட்டையை அடைச்சுட்டேன்னு அண்ணன் சொன்னார். துளை அட்டையில புரோகிராம் எழுதின காலத்துலயும் இப்படித்தான் ஒட்டுப் போட்டுத் திருத்தினாங்க. நாம இன்னைக்கு ‘பேட்ச்’னு சொல்ற வார்த்தை அங்கிருந்து வந்ததுதான். ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். “கோர்வை அழிஞ்சுக்கிட்டு வருது”ன்னு நீங்க நிறையப் படிச்சிருப்பீங்க. நானும் அப்படித்தான் மனசுக்குள்ள ஒரு தலைப்பு வச்சுக்கிட்டுப் போனேன். அக்கா வேற ஒண்ணு சொன்னாங்க. முன்னாடியெல்லாம் கரைப் பக்கம் உட்கார்ந்தது யார்னு தெரியுமா தம்பி? பிள்ளைங்க. அவங்களே ஒன்பது வயசுல அவங்க அப்பாவோட தறியில கரை போட உட்கார்ந்தவங்க. அதோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. எண்பதுகள், தொண்ணூறுகள்ல காஞ்சிபுரம் பட்டுத்தறியில குழந்தைத் தொழிலாளர் பெரிய பிரச்னையா இருந்தது. வாங்கின முன்பணத்துக்காக அடுத்தவங்க தறியில உட்கார்ந்த பிள்ளைங்களும் உண்டு. அந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போனதும் அந்த இடம் காலியாச்சு. காலியான இடத்துல பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்தாங்க. சமையல், தண்ணி, தார் சுத்துறது எல்லாத்தோடயும் சேர்த்து.

கூலி சேலைக்குத்தான், ஆளுக்கு இல்ல. ரெண்டு பேர் மூணு வாரம் உட்கார்ந்தாலும் ஒரு சேலைக் கூலி. நோட்டுப் புத்தகத்துல ஒரு பேரு, அண்ணன் பேரு. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புல இந்தியா முழுக்க 35 லட்சத்துக்கு மேல கைத்தறித் தொழிலாளர்கள், அதுல நூத்துக்கு எழுபதுக்கு மேல பெண்கள்னு வருது. வடகிழக்குல வீட்டுக்கு வீடு பெண்கள் நெய்றதும் அதுக்கு ஒரு காரணம். ஆனா இந்தக் கூடத்துல உட்கார்ந்து பார்க்கும்போது, அக்காவை யாராவது எண்ணியிருப்பாங்களான்னு எனக்குச் சந்தேகமாத்தான் இருந்தது.

“எனக்குத் தறி மேல கோபம் இல்ல. மணிக்கட்டு போச்சு. நான் எழுந்துக்கணும், அவ்வளவுதான்”னாங்க. அண்ணன் எதுவும் பேசல, ஜரிகை அறுந்த இடத்தைச் சேர்த்துக்கிட்டிருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அறுத்துட்டா நான் காலையில எழுந்து எங்க போய் உட்கார்றது?” பொண்ணு அடுப்படிக்குப் போயிடுச்சு. நானும் ரெக்கார்டரை நிறுத்திட்டேன். அந்த இடத்துல ஐடியில வேலை செய்ற ஒருத்தன் சொல்றதுக்கு எதுவும் இருக்கல, இப்பவும் இல்ல.

கிளம்பும்போது பெங்களூர் பொண்ணோட பிரச்னையைக் கேட்டேன். அக்கா சிரிச்சாங்க. “ஊடையை நேரா இறுக்கி இழுக்கிறா. சாய்ச்சு, வில்லு மாதிரி தளர்வா விட்டுட்டு அடிக்கச் சொல்லு. துணியை அகலமாப் பிடிக்க ரெண்டு முனையிலும் ஊசி வச்ச குச்சி ஒண்ணு வேணும், இல்லாம எப்படி நெய்றா?” தறிக்குக் கீழ இருந்து அந்தக் குச்சியை எடுத்துக் காட்டினாங்க. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

போன புதன்கிழமை அந்த வீட்டுல இருந்து இன்னொரு நோட் வந்தது. மூணாவது சேலையை இறக்கிட்டாங்க. பாவை அறுக்கல. புதுப் பாவு பிணைக்கிறாங்க, ஆனா அக்கா போட்ட கண்டிஷனோட: இந்தப் பாவு கோர்வை கிடையாது. ஒரே நாடா, கயிறு இழுத்தா ஓடுறது, ஒரு ஆள் போதும். கூலி குறையும். கரையில நிறம் மங்கும், அது அண்ணனுக்குப் பெரிய கஷ்டம். பொண்ணு ஒத்துக்கச் சொல்லியிருக்கா, ஒத்துக்கிட்டார். பிணைக்கிற அன்னைக்கு மட்டும் அக்காவும் உட்கார்ந்தாங்களாம், அது ரெண்டு பேர் வேலைன்னு.

நோட்டோட கடைசியில பின்னாடி இருந்து அக்கா குரல் கேட்குது. “அந்தப் பெங்களூர் பொண்ணுக்கு ஓரம் நேரா வந்துச்சான்னு கேளு.”

வந்துடுச்சு அக்கா. இருபதுல ஆரம்பிச்சு பத்தொன்பதரையில நிக்குதாம்.