ஆலையிலிருந்து அலுவலகத்திற்கு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நாட்டின் பொருளாதாரம் உழவிலிருந்து ஆலைக்கும், பின்னர் ஆலையிலிருந்து சேவைத் துறைக்கும் நகரும் என்று பொருளியல் நூல்கள் கூறும். வணிகம், வங்கி, போக்குவரத்து, மருத்துவம், கணிப்பொறி யாவும் சேவைத் துறையே. இங்கிலாந்து அவ்வழியே படிப்படியாகச் சென்றது. நம் நாடோ ஆலைப் படியில் நெடுநாள் நில்லாமலே தாவிவிட்டது. இன்று தேசிய உற்பத்தியில் பாதிக்கு மேல் சேவைத் துறையினுடையது. அதில் பணிபுரிவோரோ உழைப்பாளரில் பத்தில் மூவரளவே. ஏறக்குறையப் பாதிப்பேர் இன்னும் நிலத்தையே நம்பியுள்ளனர். அவர்களுள் நம்மவர் எத்துணைப் பேர் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

இம்மாற்றத்தைக் கண்ணெதிரே காட்டும் நகரம் பம்பாய். அங்குள்ள பஞ்சாலைகளில் மகார் முதலிய நம் சகோதர மக்கள் ஆயிரக்கணக்கில் உழைத்தனர். ஆயினும் கூலி மிகுந்த நெசவுப் பகுதியின் கதவு அவர்களுக்கு அடைபட்டிருந்தது. காரணத்தைக் கேளுங்கள். தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாவில் புதுத் தார் இட்டதும், நூல் முனையைத் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவில் தாம் வாய் வைப்பதா என்றனர் சாதி இந்துத் தொழிலாளர். முதலாளியிடம் உரிமை கேட்டவர்களும் அவர்களே! 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது இத்தடையை நீக்க வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் வலியுறுத்தினார்.

1982 சனவரியில் டத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். விசைத்தறிப் போட்டியால் முன்னமே நலிந்திருந்த ஆலைகளுள் பல அதன்பின் மூடுண்டன. லோயர் பரேலில் பீனிக்ஸ் ஆலை இருந்த வளாகம் இன்று பேரங்காடி, சுற்றிலும் அலுவலகங்கள். ஆலைத் தொழிலாளியின் மகன் அங்கே வாயிற்காவலனாக நிற்கக்கூடும். அதுவும் சேவைத் துறைதான். மேல்மாடியில் கணிப்பொறி முன் அமர்ந்திருப்பவரும் அதே துறைதான். புள்ளிவிவரம் இருவரையும் ஒரே கட்டத்தில் எழுதிக்கொள்கிறது.

ஆலையில் எழுத்தறியாதவரும் நுழைந்து, வேலையிலேயே தொழிலைக் கற்றனர். மேல்மாடிக்கோ பட்டமும் ஆங்கிலமும் முதலிலேயே வேண்டும். அரசுப் பணியிலும் பொதுத்துறை வங்கியிலும் நமக்கு இட ஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனப் பணிகளுக்கு அது செல்வதில்லை. "தந்தையார் என்ன செய்கிறார்?" என்று நேர்முகத் தேர்வில் ஏன் கேட்கிறார்கள் என்பதை நம் இளைஞர் அறிவர். அக்கேள்வியை நம்மால் உடனே தடுக்க இயலாது. ஆங்கிலத்தை இன்றே தொடங்க இயலும்.

ஆகவே சங்கத்தின் மாலை வகுப்புகளில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியையும் கணிப்பொறியையும் சேர்க்குமாறு முன்மொழிகிறேன். பணம் எங்கே என்று பொருளாளர் கேட்பார். முதல் ஐயாயிரம் ரூபாயை இம்மேடையிலேயே தருகிறேன். அருள்கூர்ந்து இரசீது எழுதுங்கள்.